முதலில் அம்மா

கார்த்திகை 12, செவ்வாய்.

மழை இன்னும் விடவில்லை. காலையில் எங்கள் பகுதியில் ஆட்களை மீட்க என் படகு ஒன்றுதான் இருந்தது. அடையாற்றங்கரையில் ஓட்டு வீடுகளின் மேல் ஏழெட்டுப் பேர் நின்று கையசைத்தார்கள். அப்போதுதான் அம்மா போனில் அழைத்தாள். "கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுச்சுடா. பயமா இருக்கு." படகை அவள் வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவளை என் வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் ஒரு கூரை சரிந்துவிட்டது. மீன் விற்கும் செல்வியின் கணவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

செல்வியைப் படகில் ஏற்றிக்கொண்டு, "எங்கம்மா தனியா இருந்தாங்க, அதான் லேட்டாயிடுச்சு" என்றேன்.

"அவங்க நல்லா கீறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். நாளைக்கும் அவள் கூப்பிட்டால் அவளிடம்தான் முதலில் போவேன். அது தெரிவதால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.