சொட்டு மிஸ்

ஜூலை 3

குழந்தை தூங்குகிறாள். விட்டமின் சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டது. குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்தேன். சந்தேகம் வந்து இன்னொரு முறை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அது மருந்தும்மா, பரீட்சை இல்ல" என்றார். ஐந்து மாதக் குழந்தைக்கு அரைச் சொட்டு கூடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆகவே பயம்.

எழுதும்போதே தெரிகிறது, மறுபடி ஒரு ஆகவே. "சண்டை போடறப்பகூட ஆகவே சொல்ற ஒரே ஆள் நீதான்" என்பார்.

பள்ளியிலிருந்து வேதியியல் லேப் அண்ணன் போன் செய்தார். பன்னிரண்டு வருடமாகக் குடுவை கழுவுகிறவர். எனக்குத் தெரியாமல் அந்த அறையில் ஒரு தீக்குச்சி உரச விடமாட்டார். என் பிரசவ விடுப்புக்குப் பதிலாக வந்திருக்கும் புது மிஸ்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பசங்க அந்தப் பொண்ணையும் சொட்டு மிஸ்னுதான் கூப்பிடறாங்க மேடம்."

சொட்டு மிஸ் நான். எட்டு வருடமாக நான். பியூரெட் குழாயைத் திறந்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளிடம், "நிறம் மாறப்போகுது, இனிமே ஒவ்வொரு சொட்டா" என்று தொண்டை வற்றக் கத்திச் சம்பாதித்த பெயர். ஆய்வக பீரோ சாவியைத்தானே கொடுத்துவிட்டு வந்தேன். பட்டப்பெயரையுமா?

ஜூலை 4

கேட்கவில்லை என்று எழுதியது பொய். "எப்படி நடத்துது அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். இரண்டு முறை.

ஜூலை 8

அவள் வீடியோ போடுகிறாளாம். பார்த்தேன். நாற்பதாயிரம் பேர் எனக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள்.

என் மேஜை. ஒரு கால் ஆடுகிற என் ஸ்டூல். நான் நூல் சுற்றி வைத்த தாங்கி. நடுவில் அவள், தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல். சோப்பு ஏன் நுரைக்கிறது என்பதற்கு நான் இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்வேன். அவள் நான்கு நிமிடத்தில் முடித்து, கடைசியில் ஒரு ஜோக்கும் சொல்கிறாள். ஜோக் நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது" என்றார்.

இரவு ரசத்தில் உப்பு இல்லை என்றார். போட்டுக்கொள்ளட்டும்.

ஜூலை 10

தலைமையாசிரியை பேசினார். அடுத்த மாதம் நான் திரும்பியதும் அவளை அனுப்பப் போவதில்லையாம். இருவரில் ஒருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் ஆய்வகமும், இன்னொருவருக்கு ஒன்பதாம் வகுப்பு. "யாருக்கு எதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

எட்டு வருடத்தில் இப்படி ஒரு யோசனைக்கு இடமே இருந்ததில்லை. பிள்ளை பெற்றால் மூளை கழன்றுவிடும் என்று நினைக்கிறார்களோ? குழந்தைக்குச் சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தேன் என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஜூலை 14

மாட்டினாள்.

இன்றைய வீடியோ பெர்மாங்கனேட். பியூரெட்டில் நீர் போலத் தெளிந்த கரைசல் என்றால் அதன் மேல்மட்டத்தின் கீழ்வளைவைப் பார்த்து அளவு படிக்கவேண்டும். பெர்மாங்கனேட் அடர் கத்திரிப்பூ நிறம். கீழ்வளைவு கண்ணுக்கே தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்கவேண்டும். அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "கீழ்வளைவைப் பாருங்க."

வேறு பெயரில் கீழே எழுதினேன். பால் கறை படிந்த நைட்டியோடு உட்கார்ந்து எழுதினேன்: "நிறமுள்ள கரைசலுக்கு மேல்விளிம்பே சரி. இது அடிப்படை. ஆகவே, அடிப்படை தெரியாதவர் பொதுத்தேர்வு மாணவர்களுக்கு நடத்துவது ஆபத்து. ஆகவே பள்ளி இதைக் கவனிக்க வேண்டும்."

சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 15

பதில் போட்டிருக்கிறாள். "நீங்கள் சொல்வது சரி. என் தவறு. திருத்திப் போடுகிறேன். நன்றி."

அவ்வளவுதானா? ஒரு சாக்குகூடச் சொல்லத் தெரியாதா இவளுக்கு?

ஜூலை 22

பன்னிரண்டு எனக்கு. தலைமையாசிரியையே சொன்னார். "உண்மையைச் சொல்றேன், அந்தப் பொண்ணுக்குத்தான் குடுக்கறதா இருந்தேன். பசங்க அவளைத்தான் கேக்கறாங்க. ஆனா வீடியோல தப்புன்னு யாரோ எழுதி, பெத்தவங்க வரைக்கும் போயிடுச்சு."

வீட்டில் அவரிடம் சொன்னேன். இனிப்பு வாங்கி வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூலை 24

திரும்ப வேலையில் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். லேப் அண்ணன் பீரோவிலிருந்து என் செய்முறை நோட்டை எடுத்துக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நடத்துச்சு மேடம். பத்திரமா வெச்சிருந்துச்சு." அட்டை போட்டிருக்கிறாள். என் நோட்டுக்கு.

பதினேழாம் பக்கம். பெர்மாங்கனேட். "ஆகவே, கீழ்வளைவைப் படிக்கவும்." என் கையெழுத்து.

இதை எழுதியபோது எனக்கு வயிற்றில் நான்காம் மாதம். அமில வாடை பட்டாலே குமட்டும். முந்தைய சோதனையின் வரிகளைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது. அய்யோ. அவளுக்குத் தெரியும். இந்த நோட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் என் மானம் அன்றைக்கே போயிருக்கும். "என் தவறு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாளே, ஏன்?

ஜூலை 25

கீழ்வளைவில் தொடங்கிக் கீழ்வளைவிலேயே முடித்தால், கழிக்கும்போது தப்பும் சேர்ந்து கழிந்துவிடும். விடை கிட்டத்தட்ட சரியாகவே வரும். யாருக்கும் தெரியாது.

நானும் வாயைத் திறக்காமல் இருந்தால்?

ஜூலை 29

நோட்டைத் தலைமையாசிரியையின் மேஜையில் விரித்து வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார். "இதை நீங்களா வந்து சொல்லலைன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆய்வகத்துக்குப் போனேன். அவள் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தாள். வீடியோவில் தெரிவதைவிடச் சின்னப் பெண். விரலில் வெள்ளி நைட்ரேட் கறை.

"நோட்டுல தப்பு என்னோடது."

"படிச்சது நான்தானே மேடம். யோசிச்சிருக்கணும்."

"அந்தக் கமெண்ட்..."

"தெரியும் மேடம்." தண்ணீரை நிறுத்தினாள். "நோட்டு முழுக்க ஆகவே. நாலு வரி கமெண்ட்ல ரெண்டு ஆகவே. ஆறு மாசமா உங்க எழுத்தைத்தானே படிக்கறேன்?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "தலைமையாசிரியைகிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ரெண்டு நாள் உங்க மேல அவ்ளோ கோவம். அப்புறம் பாப்பாவுக்கு எத்தனை மாசம்னு அண்ணன்கிட்ட கேட்டேன். அந்தப் பக்கத்துல இருந்த தேதியை வெச்சுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

ஆகஸ்ட் 12

ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டும் ஆய்வகமும் அவளுக்கு என்று முடிவானது. இங்கே முதல் பாடம் அளவீடு. நாற்பத்தொரு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் ஒருத்தன், "மிஸ், உங்களுக்குப் பட்டப்பேரு ஏதாச்சும் இருக்கா?" என்றான். இல்லை என்றேன். வைத்துவிடுவோம் என்பது போல் தலையாட்டினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆய்வகம். பன்னிரண்டாம் வகுப்பு சிரிக்கிறது. என்ன ஜோக் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

அப்போது அவள் குரல் கேட்டது: "நிறம் மாறப்போகுது..."

"இனிமே ஒவ்வொரு சொட்டா" என்று இந்தப் பக்கம் என் வாய் சொல்லிவிட்டது. சத்தமாக. என் கையில் இருந்தது வெறும் அளவுகோல். நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள்.