ஒக்வுடிலி வளர்த்த முடி

அமாகு,
3 பிப்ரவரி 1984

எபெலேக்கு,

ஆசி. லாரி கவிழ்ந்து இறந்துபோன என் தம்பி ஒக்வுடிலியை இம்மாதம் 24, வெள்ளிக்கிழமை அடக்கம் செய்யலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பந்தல், ஆடு, கள் எல்லாவற்றையும் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ எனுகு பட்டணத்திலிருந்து வியாழன் மதியமே வந்துவிடு. அன்று மாலை நம் குலத்தில் பிறந்த பெண்கள் கூடி உன் தலையை மழிப்போம். நான்தான் மூத்தவள், கத்தி என் கையில் இருக்கும். கீறல் படாது.

ஆனால் நேற்று இங்கே ஊருக்கு வந்திருந்த உன் பக்கத்து வீட்டுக்காரி சந்தையில், "அவ தலையத் தொட விடமாட்டாளாம்" என்றாள். தலை நிறைய முடியோடு புருஷனைப் புதைத்தவள் இந்தக் குலத்தில் கிடையாது. நீ மறுத்தால் நாங்கள் ஒருத்தியும் அடக்கத்துக்கு வரமாட்டோம். அவன் பிறந்த குலத்துப் பெண்கள் அழாத சாவும் ஒரு சாவா? அவனை அநாதையாக அனுப்புவதா என்று நீயே யோசித்துக்கொள்.

உன் நாத்தனார்
உகோயே


எனுகு,
8 பிப்ரவரி 1984

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. அவள் சொன்னது உண்மைதான். தொட விடமாட்டேன்.

இந்தத் தலை பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் பட்டணத்து நாகரிகத்துக்கு ஆசைப்பட்டு, முடியை நேராக்கும் மருந்தைப் பூசிப் பூசி உச்சந்தலை புண்ணாயிற்று. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. உங்கள் தம்பிதான் அந்த டப்பாவைத் தூக்கி எறிந்து, மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டு முதலிலிருந்து வளர்த்தார். ஆமாம், நான் வளர்க்கவில்லை, அவர்தான் வளர்த்தார். சனிக்கிழமைகளில் பட்டறை முடிந்ததும் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு என் பின்னால் வந்து உட்காருவார். உலர்ந்த முடியில் சீப்பு வைக்க விடமாட்டார். தண்ணீர் தெளித்து, எண்ணெய் விட்டு, விரலாலேயே நுனியில் ஆரம்பித்து வேர்வரை சிக்கெடுப்பார். பிறகு வகிடு பிரித்துக் கறுப்பு நூல் சுற்றுவார். இழுத்துச் சுற்றினால் நெற்றியோரம் வழுக்கை விழும் என்பதால் தளர்வாகத்தான் சுற்றுவார். பட்டறைக்காரர்கள், "மேஸ்திரி, எங்க தலைய எப்போ பாப்பீங்க?" என்று கேலி செய்தால், "உங்க தலையில பேன்தான்டா வளருது, போங்கடா" என்பார்.

இன்று அது தோளைத் தாண்டிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் வளர்த்தது இது ஒன்றுதான். அவருக்காக அழ அவர் வளர்த்ததையே வெட்டி எறிய வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்? நீங்கள் வராவிட்டால் போங்கள். நான் ஒருத்தி அழுதுகொள்வேன்.

எபெலே


அமாகு,
12 பிப்ரவரி 1984

எபெலே,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பதில் சொல்லிவிட்டுக் கிழிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

தளர்வாக நூல் சுற்ற அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று ஒருநாளாவது கேட்டாயா? நான்தான். அம்மா போன பிறகு தங்கைகள் தலையெல்லாம் என் மடியில்தான். அவன் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். விரலால் சிக்கெடுப்பதும், எண்ணெய் விடும் அளவும், படுக்கும்போது துணி கட்டுவதும் என்னைப் பார்த்துக் கற்றவை. என் வித்தையைத் தலையில் சுமந்துகொண்டு எனக்கே நியாயம் சொல்கிறாய்.

எனக்கும் முடி இருந்தது. சின்ன வயதிலேயே புருஷன் போனான். அவன் ஊர்ப் பெண்கள் உடைந்த பாட்டில் சில்லால் மழித்தார்கள். ரத்தம் காதுவரை வழிந்தது. ஒக்வுடிலி குறுக்கே விழுந்து தடுத்தான், அடி வாங்கினான். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு நடந்தது உனக்கு மட்டும் ஏன் நடக்கக்கூடாது? நீ என்ன வானத்திலிருந்து குதித்தவளா?

வியாழன் வந்து சேர்.

உகோயே


எனுகு,
16 பிப்ரவரி 1984

அக்கா,

கற்றுக்கொடுத்தது நீங்கள் என்று அவர் சொன்னதே இல்லை. அதற்காக அவரோடு சண்டை போடவும் இனி வழியில்லை.

உங்களுக்கு நடந்தது கொடுமைதான். ஆனால் அந்தப் பெண்கள் மேல் காட்ட வேண்டிய கோபத்தை இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்து என் தலையில் கொட்டுகிறீர்களே, இது அடுக்குமா? அன்று உங்களுக்காக அடி வாங்கியவர் இன்று இருந்தால் யார் முன்னால் போய் நிற்பார்? உங்களுக்கே தெரியும்.

முடியோடுதான் வருவேன். பிடித்து அமுக்கினால் கடிப்பேன்.

எபெலே


அமாகு,
20 பிப்ரவரி 1984

எபெலே,

கடிப்பாயாமே. உன்னை வைத்துக்கொண்டு என் தம்பி எப்படித்தான் காலம் தள்ளினானோ.

நேற்று குலத்துப் பெண்கள் என் வீட்டில் கூடினார்கள். உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் என் தலைத்துணியை அவிழ்த்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷமாக ஒருத்திக்கும் தெரியாது. இன்னொரு முறை எவளும் கை வைக்கக்கூடாது என்று முடியை மறைத்தே வளர்த்தேன். நூலை உருவி விட்டதும் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் வாய் மூடுவதற்குள் கத்தியை எடுத்து நானே மழித்துக்கொண்டேன்.

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் போனதற்கு என்னிடம் யார் துக்கம் கேட்டார்கள்? எல்லாரும் உன் தலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

ஒருத்தி மட்டும், "அக்கா தலை பொண்டாட்டி தலைக்கு ஈடாகுமா?" என்று முனகினாள். "கத்தி இன்னும் கையிலதான் இருக்கு. அடுத்து யாரு தலைனு நீயே சொல்லு" என்றேன். அவள் தன் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இந்த வீட்டுக்கு ஒரு தலை கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எல்லாரும் வருவார்கள், வாய்விட்டு அழுவார்கள்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்து நன்றி கின்றி எழுதித் தொலைக்காதே. உன்மேல் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. பெரியவளுக்கு இப்படியா கடிதம் எழுதுவது?

வியாழன் வரும்போது தலையில் துணி கட்டாமல் வா. அவன் வளர்த்ததை நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா
உகோயே