அண்ணி மேல் பழியில்லை, அண்ணே

என் உயிர் அண்ணன் சவரிமுத்துவுக்கு,

நீ போன பிறகு வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பாடம் நடத்திக்கொண்டிருந்த நீ கரும்பலகையோரம் சாய்ந்தாய், மறுநாள் மூச்சில்லை. ரத்தக்கொதிப்பு என்றார்கள். அம்மா பழியைத் தூக்கி அண்ணி மேல் போட்டாள். "வாய் ஓயாம சண்ட போட்டே எம்புள்ள ரத்தத்தக் கொதிக்க வச்சிட்டா" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அண்ணி பிள்ளைகளோடு மீன்சுருட்டிக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விடுவதாக என்னிடம் மட்டும் சொன்னாள்.

தை மாதத்தில் எனக்கும் பின்மண்டை வலிக்க ஆரம்பித்தது. உனக்கும் அப்படித்தான் வலித்ததா? ஏன் வாய் திறக்கவில்லை?

அம்மாவையும் அண்ணியையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு அரியலூர் டாக்டரிடம் போனேன். யுத்தம் முடிந்தும் நமக்கு இன்னும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்தான். மூவரும் புகை படிந்த முகத்தோடு போய் இறங்கினோம். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இது இருந்துச்சாம்மா?"

"அண்ணன் இதுலதாங்க போயிட்டாரு. அப்பாவும் வயல்ல நின்னபடியே கைகால் இழுத்து விழுந்தவருதாங்க."

"அப்ப அப்பா வழியா வந்திருக்கலாம். மூக்கும் முழியும் வர்ற மாதிரி இதுவும் பரம்பரையா வருதுன்னு நெனைக்கிறோம். எப்படின்னு இன்னும் முழுசாத் தெரியல."

அம்மா முன்னால் வந்தாள். "மருமவ சண்ட போட்டதால இல்லீங்களா?"

"உங்க வீட்டுக்காரரு விழுந்தப்ப மருமவ வாக்கப்பட்டு வந்திருந்தாங்களா?"

"இல்லீங்க."

வெளியே வந்ததும் அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அருளு, நீ எங்கியும் போவாத. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்." உன்னை அடக்கம் செய்த நாளிலும் அடக்கிக்கொண்டிருந்த அண்ணி, நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

டாக்டர் சொன்னபடி இப்போது எனக்கு உப்புக் குறைத்துச் சமைப்பது அவள்தான். ஊறுகாய்ப் பக்கம் கை போனால் சண்டைக்கு வருகிறாள். அம்மா அவள் கட்சி! எனக்குத் தலைவலியும் குறைந்திருக்கிறது.

உன் பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களையும் டாக்டரிடம் காட்டுவேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழக்குவேன். நீ நின்ற வயதைத் தாண்டி நான் நடப்பேன், அண்ணே. உன் மகள் கல்யாணத்தில், நீ நிற்க வேண்டிய இடத்தில் நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மரியபுஷ்பம்