சித்தப்பா நீட்டிய டோக்கன்

ஸ்கெலட்டன் குடியிருப்பு,
கோலார் தங்கவயல்,
14-8-1971

அன்பு மகன் நெடுஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

போன மாதம் வெளியூர் டாக்டர்கள் சிலர் வந்தார்கள். மாரடைப்பு சுரங்கத்து ஆட்களுக்கு அதிகமா, கிராமத்து ஆட்களுக்கு அதிகமா, எதனால் வருகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். எடை, பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்தார்கள். உன் அப்பாவுக்குக் கிலி பிடித்துவிட்டது. அவரோடு வைண்டிங் இன்ஜின் ஓட்டிய சகாயத்துக்கு நெஞ்சுவலி வந்ததும், கேஜில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் வேலை இனி வேண்டாம் என்று விளக்கு அறைக்கு மாற்றிவிட்டார்கள், தன்னையும் அப்படி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அவருக்கோ உட்கார்ந்த வேலை, ஒரு நாளைக்குப் பத்து சிகரெட், ஞாயிறு என்றால் கொழுப்போடு மாட்டுக்கறி வறுவல். வறுப்பவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். சுரங்கத்தில் பெயரைவிட டோக்கன் எண்தானே பெரிது, டாக்டர்களும் டோக்கனைப் பார்த்துத்தான் எழுதினார்கள். உன் அப்பா பூதிகோட்டையிலிருந்து தம்பியை, அதாவது உன் அப்பாதுரை சித்தப்பாவை, வரவழைத்து, தன் பித்தளை டோக்கனைக் கையில் கொடுத்து வரிசையில் நிற்கவைத்துவிட்டார். ஏர் ஓட்டுகிறவன், களி தின்கிறவன், அவனுக்கு என்ன வந்துவிடும் என்ற நினைப்பு.

எனக்கு இது தெரிந்ததே பதில் வந்த பிறகுதான். டோக்கன் 417-க்கு பிரஷர் மிக அதிகம், ஈசிஜியும் சரியில்லை, உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்பா முதலில் சிரித்தார். "கம்பியாட்டம் கீறவனுக்கு பிரஷராம், மிஷினே கெட்டுப்போச்சு யசோ" என்றார். பிறகு தட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். சொன்னால் வேலைக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் தம்பிக்கு ஆபத்து. மறுநாளே இருவரும் பூதிகோட்டைக்குப் போனோம். சித்தப்பா கிணற்று மேட்டில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னால், "டோக்கன் உன்னுது, அப்போ நோவும் உன்னுது அண்ணா. அந்தச் சீட்டுல எங்கனா என் பேரு கீதா? பேரு இல்லாம நான் வரமாட்டேன்" என்கிறார். பாப்பம்மா சித்திதான் அழுதுகொண்டே, "மேடு ஏறசொல்ல மாரைப் புடிச்சிக்கினு உக்காந்துக்கிறாரு, கேட்டா வாயுன்றாரு அக்கா" என்றாள். தினம் மூன்று கட்டு பீடி, கருவாடு இல்லாமல் களி இறங்காது, பக்கத்து நிலத்துக்காரனோடு எட்டு வருஷமாகக் கிணற்று வழக்கு. கிராமத்துக் காற்று பட்டால் போதும், நெஞ்சுக்கு ஒன்றும் வராது என்று பி.ஏ. படித்த நானும் நம்பியிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

போன மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூட நின்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை பேர் இப்படித் தம்பியை அனுப்பினார்கள்?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரிஞ்சி நாலு பேரு சார்" என்றார். டாக்டருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, அப்பாவைப் பிடித்து அங்கேயே படுக்கவைத்து ஈசிஜி எடுத்துவிட்டார். பத்து கிலோ கூடுதல், பிரஷர் கொஞ்சம், இதயத்தில் கோளாறு இல்லை, சிகரெட்டை விட்டு மாதம் ஒருமுறை வந்து காட்டினால் இன்ஜினில் உட்காரலாம் என்றார். சித்தப்பாவுக்கு அவர் பெயரிலேயே புதுச் சீட்டு எழுதினார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மனிதர் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வரப்பிலேயே விழுந்திருப்பார் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் உன் அப்பாவின் திருட்டுத்தனம்தான் தம்பி உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

சித்தப்பா இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார். குழம்பில் உப்பைக் குறைத்ததிலிருந்து அண்ணன் தம்பி இருவருக்கும் நான் விரோதி. அடுத்தது நீ. மெஸ் சாப்பாடும் சிகரெட்டும், போன லீவில் உன் சட்டையைத் துவைத்தபோதே எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கண்டதும் போய் பிரஷர் பார்த்து எழுது. அறை நண்பனை அனுப்பாமல் உன் கையை நீயே நீட்டு. நல்ல சிந்தையும் நல்ல உடம்பும் உனக்கு வாய்க்கட்டும் என்று பௌர்ணமிக்குப் புத்த விகாரையில் விளக்கு ஏற்றினேன். இதை எழுதும்போது அப்பாவும் சித்தப்பாவும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் நாடி எண்ணிப் பார்க்கிறார்கள். இருவர் எண்ணிக்கையையும் நான் நம்புவதில்லை, ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

உன் அன்பு அம்மா,
யசோதா தர்மராஜ்