பெயர் ஓட்டோ, நட்சத்திரம் விசாகம்

14 ஓகஸ்ட், வெள்ளி

காலையில் மழை, பிறகு வெயில். கடைசி ஆடி வெள்ளி. விரதம்.

கோயிலில் இரண்டு அர்ச்சனை. முதலாவது மகளுக்கு: தர்ஷினி, உத்திரம். இரண்டாவது: ஓட்டோ, விசாகம். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டோ ஆர், மருமகனோ?" "குதிரை" என்றேன். பிறகு ஓட்டோவின் பெயரையும் சேர்த்துத்தான் மந்திரம் சொன்னார். நல்ல மனுசன்.

குதிரைக்குப் பாஸ்போட் இருக்கிறது. பிறந்த நாள், நேரம் எல்லாம் தொழுவத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். த. சொன்னாள், நான் பஞ்சாங்கம் பார்த்துக் கணித்தேன். பஞ்சாங்கம் பார்க்கவும் சரி, ஜேர்மனியின் டொச் பாஷை வாசிக்கவும் சரி, எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.

நாளைக்கும் ஞாயிறும் ஆகன் நகரத்தில் உலகக் குதிரைப் போட்டி. ஓட்டோவில் ஏறி ஓடுவது த.வின் முதலாளிப் பெண். ஓட்டோவுக்குத் தீனி, குளிப்பு, பிடரிமயிர் பின்னுவது, காலுக்குப் பனிக்கட்டி கட்டுவது, பக்கத்தில் படுப்பது எல்லாம் த. அதுதான் அவளுடைய வேலை. மூன்று வருடம் அதற்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தாள். எங்களுக்கு இரண்டு ரிக்கற் அனுப்பியிருக்கிறாள்.

கொண்டுபோக:
புளிச்சாதம்
தண்ணீர்ப் போத்தல் 4
குடை 2
இவரின் பிறஷர் குளிசை
பிரசாதம், விபூதி (த.வுக்கு)
மடிக்கிற கதிரை

இவர் வருகிறேன் என்றதே பெரிய விசயம். பொங்கலுக்குப் பிறகு அப்பாவும் மகளும் கதையில்லை. "மகள் மிருக டாக்டருக்குப் படிக்கிறாள்" என்று இவர் நாலு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொங்கலன்று மேல்வீட்டு இராசன் அண்ணை பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார், ஊசி போடச் சொல்லி. த.வின் முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "இன்னும் ஒருக்கால் ஆருக்கும் அப்பிடிச் சொன்னியள் எண்டால் நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டன் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள், இன்றுவரை வரவில்லை. ரிக்கற் அனுப்பும்போதும் அதையேதான் எழுதினாள். இவர் டெலிபோனில், "சொல்லமாட்டன், சத்தியம்" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பின்னேரம். இவர் தானே சேட் அயர்ன் பண்ணுகிறார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நான் காணாத காட்சி. அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

"நாளைக்கு டுசல்டோர்ஃப் பவானி அக்காவும் வாறா."

"ஏன்?"

"சும்மா. குதிரை பாக்க."

"பவானி அக்கா குதிரை பாக்கவோ, பொம்பிளை பாக்கவோ?"

அயர்ன் பண்ணின சேட் கையையே திரும்ப அயர்ன் பண்ணினார். அக்காவின் மகன் இஞ்சினியர். கலியாணப் பேச்சு இருப்பது எனக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

"அவவுக்கு என்னெண்டு சொல்லி வைச்சிருக்கிறியள்?"

சேட்டைத் திருப்பிப் போட்டுக் கொலரைத் தேய்த்தார்.

மூன்றாவது ரிக்கற் இரண்டு நாளுக்கும் வாங்கியிருக்கிறார். என் கணக்கில் ஏற்றமாட்டேன். அது இவரின் பாவக் கணக்கு.

15 ஓகஸ்ட், சனி

நல்ல வெயில். கொலோனில் ரயில் ஏறியது ஏழரைக்கு. ப. அக்கா பட்டுச்சேலை. பாவம், சேற்று வயலுக்கு.

இன்று காடு மேடு தண்ணீர் எல்லாம் தாண்டி ஓடுகிற ஓட்டம். சனம் தேர்த்திருவிழாமாதிரி. நாங்கள் குளத்தடியில் நின்றோம். குதிரை மரக்குற்றியைத் தாண்டித் தண்ணீருக்குள் பாய்ந்து அடுத்த கரையால் ஏறவேண்டும். ஒன்று வழுக்கி விழுந்தது, அதில் ஏறியிருந்த பெட்டை எழும்பி, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நடந்து போனாள்.

ப. அக்கா: "காசையும் குடுத்துச் சேத்துக்குள்ளையும் விழுகிறதே. வெள்ளைக்காரருக்கு விசர்."

ஓட்டோ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மூச்சுச் சத்தம், தண்ணீர் சிதறல், அவ்வளவுதான். மண்ணிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, விபூதி பூசினதுபோல. விழவில்லை. முருகா.

பின்னேரம் த. தொழுவப் பக்கத்து வாசலுக்கு வந்தாள். உள்ளே நாங்கள் போகமுடியாது, அட்டை மாட்டினவர்கள் மட்டும். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். றப்பர் சப்பாத்து, முழங்கால்வரை சேறு, தலையில் வைக்கோல். மெலிந்திருக்கிறாள். முதலாளிப் பெண் குதிரையால் இறங்கும்போது கால் பிரட்டிவிட்டாளாம், அதனால் அவசரமாம்.

நான் வாய் திறப்பதற்குள் இவர்: "அக்கா, இதுதான் எங்கட டாக்டர்."

த. அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. எனக்கும் தெரிந்துதான் நடக்கிறதென்று நினைத்திருப்பாள்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் விபூதி சுற்றின கடதாசிச் சரையை எடுத்து வேலிக்கு மேலால் கையை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"வேண்டாம் அம்மா. தொடாதேங்கோ."

"விபூதியடி. அர்ச்சனை செய்தது."

"கற்பூர மணம் வருது. என்ர கையில பட்டு அவனுக்குப் போச்செண்டால், ரத்தத்தில காட்டும். போட்டியில ரத்தம் எடுத்துப் பாக்கிற கொன்ட்றோல இருக்கு. பிரசாதமும் வேண்டாம். ஏலாது, அம்மா."

திரும்பிப் போய்விட்டாள். நீட்டின கை நீட்டினபடி. பக்கத்தில் ஒரு குடும்பம் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தது.

ரயிலில் ப. அக்கா, "டாக்டர் பிள்ளைக்குச் சாமி நம்பிக்கை குறைவோ?"

இவர் சிரித்துக்கொண்டு, "படிச்ச பிள்ளையள் அப்பிடித்தான் அக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரயில் ஜன்னல் திறக்காதது நல்லதாய்ப் போயிற்று. என் பிள்ளை நாலு வயதில் தேவாரம் பாடமாக்கினவள். இவருடைய பொய்யைக் காப்பாற்ற அவளை நாத்திகியாக்குகிறார்.

டெலிபோனில் தேடினேன். குதிரைக்குக் கூடாத மருந்துப் பட்டியல், டொச்சில், நீளம். வாசித்தேன். கற்பூரம் இருக்கிறது. நேற்று ஆரத்தி எடுத்த கை, இன்று காலையும் கற்பூரம் காட்டின கை. பிரசாதத்திலும் பச்சைக்கற்பூரம். அவள் மரியாதைக்காகக் கையை நீட்டியிருந்தால், அந்தக் குதிரைக்கும் அவள் வேலைக்கும் என்ன ஆகியிருக்கும். பிள்ளைமேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. இறங்கினது எல்லாம் இவர் பக்கம் ஏறிற்று.

வீட்டுக்கு வர மெசேச். டொச்சில் எழுதியிருக்கிறாள், கோபம் வந்தால் அவளுக்கு டொச்தான். அப்பா வாக்கை முறித்துவிட்டார். தீபாவளிக்கும் வரமாட்டேன், பொங்கலுக்கும் வரமாட்டேன். நாளைக்கு வருவதென்றால் வாருங்கள், என்னைக் கூப்பிடவேண்டாம்.

இவருக்கு வாசித்துக் காட்டினேன். "சின்னப்பிள்ளைக் கோபம், ஆறிப்போம்" என்றார். புளிச்சாதம் மிச்சம் இருந்ததைக் கேட்டார். மூடிவைத்துவிட்டேன்.

செலவு: ப. அக்காவின் கோப்பியும் கேக்கும். இவர் பக்கம்.

16 ஓகஸ்ட், ஞாயிறு

வானம் மூடல். குளிர் காற்று.

பூசையில் கற்பூரம் காட்டவில்லை. நெய்விளக்கு மட்டும். பிள்ளையாருக்கு விளங்கும். கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். அவள் கிட்ட வரப்போவதில்லை என்று தெரிந்தும் கழுவினேன்.

இவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ரயிலில் ப. அக்காவோடுதான் கதைத்தேன், மாங்காய் ஊறுகாய் பற்றி.

தடி தாண்டுகிற பாய்ச்சல் ஓட்டம் பின்னேரம். காலையில் குதிரைப் பரிசோதனை. நேற்று ஓடின குதிரை இன்று நொண்டுகிறதா என்று பார்ப்பது. நீளமான கல் பாதை. ஒரு பக்கம் தொப்பி போட்ட மூன்று பேர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓட, குதிரை பக்கத்தில் ஓடவேண்டும். நொண்டினால் வீட்டுக்கு. பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரக் கிழவி விளங்கப்படுத்தினா: "கயிறு தொய்ந்திருக்கவேண்டும். இழுத்துப் பிடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்."

மற்றவர்கள் எல்லாம் கோட்டும் சூட்டும், கலியாண வீடுமாதிரி. ஓட்டோவின் முறை வந்தது. முதலாளிப் பெண் ஊன்றுதடியோடு ஓரத்தில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது த.

யாருடையதோ ஒரு நீலக் கோட்டு, கை நீளம், மடித்து விட்டிருக்கிறாள். ஓட்டோவின் பிடரியெல்லாம் சின்னச் சின்னப் பின்னல். பார்த்த உடனே தெரிந்தது. பள்ளிக்கூடம் போகமுன் அவளுக்கு நான் பின்னிவிட்ட இறுக்கம் அது. நுனியை உள்ளே மடித்து முடிகிற விதமும் என்னுடையது.

ஓடினாள். திரும்பி வந்தாள். மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். "ஹோல்டிங்" என்று ஒலிபெருக்கி. சந்தேகமாம். ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் அங்கே ஒரு டாக்டர் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிக் காட்டவேண்டுமாம்.

அப்போதுதான் ப. அக்கா கேட்டா: "டாக்டர் பிள்ளை ஏன் மாட்டை இழுக்கிறமாதிரி இழுத்துக்கொண்டு ஓடுது? அதுக்கு வேலைக்காரர் இல்லையோ?"

இவர், "இல்லை அக்கா, இண்டைக்கு ஆள் வரேல்லை, அதாலை..."

இன்னொரு பொய். அவள் அங்கே கயிற்றைத் தொய்யவிட்டு ஓடுகிறாள், இவர் இங்கே.

"அவள்தான், அக்கா, வேலைக்காரி" என்றேன். "குதிரைக்குச் சாணி அள்ளுற, தீனி வைக்கிற பிள்ளை. டாக்டர் இல்லை. ஒருநாளும் டாக்டருக்குப் படிச்சதுமில்லை. இவர் சொன்னது முழுக்கப் பொய்."

என் குரல் எனக்கே தெரியவில்லை. முன் வரிசையில் தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ரிக்கற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதில் ஏதோ எழுதியிருக்கிறதுபோல.

ப. அக்கா சேலைத் தலைப்பைச் செருகினா. "எனக்கு நேத்தே தெரியும். அந்தச் சப்பாத்தைப் பாத்தாப் பிறகு ஆர் டாக்டர் எண்டு நம்புவினம்?"

"பிறகேன் இண்டைக்கும் வந்தனீங்கள்?"

"ரிக்கற் சும்மா கிடைச்சது." பிறகு, "என்ர பெடியன் நாய்க்கே பயம், பிள்ளை. இதெல்லாம் சரிவராது. ஆனா நல்லா ஓடுறாள்."

திரும்பக் கொண்டுவந்தாள். குளம்புச் சத்தம் மட்டும். டக் டக் டக் டக், ஒரே அளவு. நான் ஓட்டோ, விசாகம், ஓட்டோ, விசாகம் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். கயிறு தொய்ந்தபடி. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அக்ஸப்டட்."

த. ஓட்டோவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். கிழவி என் கையைப் பிடித்தா. நான் அழுதேனோ தெரியாது. கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டாம் என்று சொன்னவள்.

பின்னேரம் முதலாளிப் பெண் கட்டுப் போட்ட காலோடு ஏறினாள், பாய்ச்சலில் ஒரு தடி விழுந்தது. இடம் பதினொன்று. நல்ல இடமாம்.

வருகிற வழியில் இவர், "பவானிக்கு முன்னாலை என்னை அவமானப்படுத்திப்போட்டாய்."

"உங்களை அவமானப்படுத்த நான் தேவையில்லை." அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

17 ஓகஸ்ட், திங்கள்

ஆவணி பிறந்தது. மழை. உடுப்புத் தோய்க்க இரண்டு தரம் மெஷின்.

இவர் காலைமுழுக்க என் பின்னால் திரிந்தார். "நீ பிள்ளைக்குச் சொல்லன், பவானிக்கு எல்லாம் தெரியுமெண்டு. அவளுக்கு ஆறும்."

"வாய் உங்கட. பொய்யும் உங்கட. நான் ஏன் சொல்லவேணும்?"

இரண்டு நாள் ஆத்திரமும் அப்படியேதான் கிடக்கிறது. ஒரு பிள்ளை. மழையிலும் குளிரிலும் விடிய எழும்பி உயிருள்ள ஒன்றைக் காலில் நிற்கவைக்கிறாள். இவருக்கு அதைச் சொல்ல வெட்கம். பொய் சொல்ல வெட்கமில்லை.

பன்னிரண்டரை. நானே த.வுக்கு எடுத்தேன். லொறியில் வீட்டுக்குத் திரும்புகிறார்களாம், ஓட்டோ பின்னால் வைக்கோல் சாப்பிடுகிறானாம். குரல் இறுக்கம். நான் நேற்றையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரத்தைப் பற்றிச் சொன்னேன். இனி நீ வேலையில் நிற்கிற நாளில் நெய்விளக்குத்தான் என்றேன். "டாங்க, அம்மா" என்று நன்றி சொன்னாள்.

அப்போது வாசல் மணி. இவர் போய்த் திறந்தார். இராசன் அண்ணையின் குரல்: "குதிரைப் போட்டிக்குப் போனனீங்களாம். டாக்டர் பிள்ளை இஞ்சாலை எப்ப வரும்? பூனை திரும்பவும் நொண்டுது."

நான் கேட்கவென்று குசினித் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினேன். டெலிபோன் கையில் திறந்தபடி, த. இன்னும் லைனில்.

பூனை கத்தியது.

"அண்ணை" என்றார் இவர். தொண்டையைச் செருமினார். "அவள் டாக்டர் இல்லை. குதிரை பராமரிக்கிற பிள்ளை. நான்தான் டாக்டர் எண்டு சொல்லித் திரிஞ்சனான். பூனையை நல்ல டாக்டரிட்டைக் கொண்டுபோங்கோ."

"ஓ" என்றார் இராசன் அண்ணை. "அப்ப குதிரைக்குக் கால் நொண்டினால் பாப்பாளோ?"

"அதுதான் அவளின்ர வேலை."

கதவு சாத்தும் சத்தம். இவர் அறைக்குள் போய்விட்டார், என்னைப் பார்க்காமல்.

டெலிபோனில் லொறி இரைகிற சத்தம்.

"அம்மா, அது அப்பாவோ?"

"ஓம்."

பிறகு, "பூனைக்கு எந்தக் காலாம்?"

இவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். வழக்கமாகப் போடுகிற இரண்டு கரண்டிச் சீனி போடவில்லை.