நான்கு நாளாகியும் காயாத மண்

கோபக்காரத் தம்பிக்கு,

நீ ஜன்னலோரம் பிளாஸ்டிக் கப்புகளில் விட்டுப்போன மிளகாய் நாற்றுகளில் பதினொன்றுதான் மிச்சம். இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் வெயில் போதவில்லையோ என்று இடம் மாற்றினேன். பூச்சியோ என்று ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒன்றைப் பிடுங்கினால் வேர் அழுகியிருந்தது. தண்ணீர் கூடிப்போயிருக்கிறது.

அன்றோடு ஊற்றுவதை நிறுத்தினேன். நான்கு நாளாகியும் மண் காயவில்லை. நான் விடுவதாக இல்லை.

இன்று விடிந்ததும் சமையலறைக் கதவருகே நின்று பார்த்தேன். உன் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்ன அப்பா, டம்ளரோடு குனிந்து ஒவ்வொன்றுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாடின மாதிரி இருந்துச்சு, அதான். அவன்கிட்ட சொல்லிடாதே."

இதோ, சொல்லிவிட்டேன்.

டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். கப்புகளின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணை மாற்றினேன். இனி நான் மட்டும்தான் ஊற்றுவேன், அதுவும் மண்ணில் விரல் விட்டுப் பார்த்து. பதினொன்றையும் பிழைக்க வைத்துக் காட்டுகிறேன்.

பத்து நாளில் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அது உன் வேலை, நான் தொட மாட்டேன். மாடியில் பதினொரு தொட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

கழுவியது நானில்லை.

உன் அக்கா