கோட்டு ஆணியிலேயே இருக்கட்டும்

சயோகோ,

நீ கடைக்குப் போய் வருவதற்குள் கிளம்புகிறேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நம் மாப்பிள்ளை ரியோஹெய் பகல் சாப்பாட்டுக்கு வருவார். நூடுல்ஸுக்கான சாறு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

போன ஞாயிறு, கோட்டு போடவில்லையென்று கோல்ஃப் கிளப் வாசலில் அவரைத் திருப்பி அனுப்பியபோது, கமிட்டிக்காரன் நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன். "காரிலேர்ந்து உடை மாத்துற ரூமுக்கு நாப்பதடி. இந்த வெயில்ல அதுக்கொரு கோட்டா?" என்று கேட்டாயே, அது இன்னும் காதைக் குடைகிறது. நீ சொன்னது சரி என்று எழுதித் தரமாட்டேன்.

அந்த விதியைத் தளர்த்தலாமா என்று இன்று கிளப்பில் ஓட்டு. காலையிலிருந்து மூன்று தடவை கோட்டைப் போட்டுக் கழற்றிவிட்டேன்.

பி.கு.: கோட்டு ஆணியில்தான் தொங்குகிறது. மறந்துவிட்டேன் என்று தூக்கிக்கொண்டு ஓடி வராதே.

இன்னொன்று: என்னையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கும் சேர்த்து நூடுல்ஸ் வேகவை.